சரக்குத் தரவை நம்பும் முன் உங்கள் சொந்த சரக்கை அதில் தேடுங்கள்

"அக்கா, நம் பையர் இலங்கைக்குப் போய்விட்டார்" என்று சொல்லிக்கொண்டே முதலாளியின் மகன் தன் மடிக்கணினியை என் மேஜைமேல் வைத்தார். முகம் வாடியிருந்தது. அமெரிக்க இறக்குமதித் தரவை விற்கும் ஒரு தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருந்தார். திரையில் எங்களிடம் ஆடை வாங்கும் நியூஜெர்சி பையரின் பெயர் இருந்தது. அதன்கீழ் வரிசையாக பருத்தி டி-ஷர்ட், பருத்தி டி-ஷர்ட். எல்லாவற்றுக்கும் எதிரே ஏற்றிய துறைமுகம் கொழும்பு, நாடு இலங்கை. பீஸுக்கு 20 சென்ட் விலை குறைத்துத் தருவதாக ஒரு மின்னஞ்சலைக்கூட அவர் தயாராக எழுதி வைத்திருந்தார்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் 24 ஆண்டுகளாக இருக்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஏற்றுமதிப் படிவம்), பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றுக்கொண்டதற்குக் கப்பல் தரப்பு தரும் ஆவணம்) இவைதான் என் நாள். "தம்பி, சாயங்காலம் வரை அந்த மெயிலை அனுப்ப வேண்டாம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பிறகு அலமாரியிலிருந்து, அந்த ஆண்டில் நாங்களே அமெரிக்காவுக்கு அனுப்பிய பத்து சரக்குகளின் கோப்புகளை எடுத்துவரச் சொன்னேன்.

இந்தத் தரவை வாங்கும் எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் வேலை இதுதான். மற்றவர்களின் சரக்கைத் தேடும் முன் உங்கள் சரக்கைத் தேடுங்கள். உங்கள் கோப்பில் உண்மை இருக்கிறது. திரையில் அதன் நிழல் இருக்கிறது. நிழல் எங்கே நீள்கிறது, எங்கே மறைகிறது என்று உங்கள் சொந்தக் கோப்பை வைத்துத்தான் அளக்க முடியும். ஒரு பகல் வேலை. சந்தா கட்டிய பணத்தில் பாதி இந்த ஒரு நாளில் திரும்பிவிடும்.

எங்கள் பத்தில் ஐந்துதான் திரையில் கிடைத்தன.

கிடைக்காத ஐந்தில் இரண்டு விமானத்தில் போனவை. சாயப் பட்டறையில் தாமதமாகி, கடைசி நேரத்தில் கோவையிலிருந்து பறந்தவை. விற்பனைக்கு வரும் அமெரிக்கத் தரவு கப்பல்களின் சரக்குப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவது. வானில் போனது அதில் இல்லை. மெக்சிகோ, கனடாவிலிருந்து லாரியிலும் ரயிலிலும் எல்லை தாண்டுவதும் இல்லை. ஆகவே ஒரு அமெரிக்க பையர் மெக்சிகோவில் எவ்வளவு வாங்குகிறார் என்று இந்தத் தளங்களில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவசர சரக்கை விமானத்தில் எடுக்கும் பையர்களின் அளவும் குறைவாகத்தான் தெரியும்.

மீதி மூன்றும் வேறொரு பையருடையவை. கப்பலில்தான் போயின, ஆனால் ஒன்றுகூட இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு வழி உண்டு. இறக்குமதியாளர் சுங்கத் துறைக்கு எழுதிக் கேட்டால் தன் பெயரையும் தனக்கு அனுப்புபவர்களின் பெயரையும் இரண்டு ஆண்டுகளுக்கு மறைத்து வைக்கலாம், முடிந்ததும் புதுப்பிக்கலாம். ஒரு பையரின் வரிசைகள் போன மார்ச் வரை வந்து திடீரென்று நின்றிருந்தால், "வாங்குவதை நிறுத்திவிட்டார்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயரை மறைத்திருக்கலாம், வேறு பெயரில் இறக்கியிருக்கலாம். புதுப்பிக்க மறந்துவிட்டால் திடீரென்று திரும்பவும் தெரியத் தொடங்குவார். அதைப் பார்த்துப் "புதிய பையர்" என்று ஓடி வருபவர்களையும் கண்டிருக்கிறேன்.

இனி கிடைத்த ஐந்துக்கு வருவோம். நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்தது இங்கேதான்.

ஐந்தில் ஒன்று லாரியில் மும்பை அருகே உள்ள நவசேவா துறைமுகத்துக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏறியது. அது மட்டும் இந்தியா என்று பதிவாகியிருந்தது. மற்ற நான்கும் தூத்துக்குடி வழியாகப் போனவை. தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் கன்டெய்னர்கள் பெரும்பாலும் ஃபீடர் என்னும் சிறிய கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே நெடுந்தூரம் போகும் பெரிய தாய்க்கப்பலுக்கு மாறுகின்றன. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் திரையில் "கொழும்பு" என்று பார்க்கும் நேரத்தில் யாருக்கும் இது நினைவுக்கு வருவதில்லை. அமெரிக்கத் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல் தன் பட்டியலில், சரக்கு தன்மேல் எங்கே ஏறியது என்றுதான் சொல்லும். அந்தக் கப்பலைப் பொறுத்தவரை சரக்கு ஏறிய இடம் கொழும்பு. தரவு விற்கும் பல தளங்கள் "நாடு" என்ற பத்தியை ஏற்றிய துறைமுகத்தை வைத்தே நிரப்புகின்றன. அவிநாசி சாலையில் தைத்த சட்டை இலங்கைச் சட்டையாகிவிடுவது இப்படித்தான்.

தம்பியை மிகவும் கலங்க வைத்த வரிசை இது: ஷிப்பர் (அனுப்புபவர்) இடத்தில் ஒரு ஃபார்வர்டரின் (சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் இடை நிறுவனத்தின்) பெயர், ஏற்றிய துறைமுகம் கொழும்பு, 312 கார்ட்டன் (அட்டைப் பெட்டி), 4,056 கிலோ, பருத்தி டி-ஷர்ட். எனக்கு 312 என்ற எண் எங்கோ பார்த்ததாக இருந்தது. நான்காவது கோப்பைத் திறந்தேன். 312 கார்ட்டன், மொத்த எடை 4,056 கிலோ. எங்கள் சரக்கு. மூன்று மாதம் முன்பு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பேக்கிங் லிஸ்ட்.

தம்பி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. தன்னோடு தானே போட்டி போட்டு 20 சென்ட் குறைக்கவிருந்தது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. 22,464 பீஸுக்கு அது ஏறக்குறைய 4,500 டாலர். தையல்காரர்களின் கூலியும் அதற்குள் அடக்கம் என்பதால் நானும் பதறித்தான் போனேன்.

ஒரு வரிசையையும் உங்கள் கோப்பையும் எப்படிப் பொருத்துவது என்று சொல்கிறேன். கப்பல் பெயரை வைத்துத் தேடாதீர்கள். உங்கள் பில்லில் ஃபீடரின் பெயர் இருக்கும், அங்கே தாய்க்கப்பலின் பெயர் இருக்கும். கன்டெய்னர் எண்ணும் எப்போதும் உதவாது. ஒரு கன்டெய்னரை நிரப்பாத சில்லறைச் சரக்கைக் கொழும்பில் பிரித்து வேறு கன்டெய்னரில் அடுக்குவது உண்டு. கார்ட்டன் எண்ணிக்கையும் மொத்த எடையும்தான் வழியில் மாறாமல் போகும். அடுத்தது, அட்டைப் பெட்டியின் மேல் அச்சிடும் குறியும் எண்ணும். அந்தப் பத்தியில் பையரின் ஆர்டர் எண் சில நேரம் அப்படியே இருக்கும். ஆர்டர் எண்ணின் முதல் மூன்று இலக்கம் உங்களுடையதைப் போலவே இருந்தால் அது அதே பையரின் அதே பிரிவாக இருக்கலாம். கடைசியாக, சரக்கைப் பெற்ற இடம் என்று ஒரு பத்தி உண்டு. அதை யாரும் திறப்பதில்லை. எங்கள் நான்கில் மூன்றில் அந்தப் பத்தியில் தூத்துக்குடி என்று தெளிவாக இருந்தது. கொழும்பு என்று பார்த்தவுடன் முதலில் இந்தப் பத்தியைத் திறந்துவிடுங்கள்.

உற்பத்தியாளர் யார், பொருள் எந்த நாட்டில் செய்தது என்பதெல்லாம் அமெரிக்கச் சுங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. 2009 முதல், கடல்வழிச் சரக்குக்கு இறக்குமதியாளர் இவற்றை முன்கூட்டியே தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் அந்தத் தாக்கல் ரகசியம். விற்பனைக்கு வருவது அதுவல்ல.

இப்போது கூட்டல் கணக்கு. ஐந்து சரக்குக்குத் திரையில் ஏழு வரிசை இருந்தன. காரணம் மாஸ்டரும் ஹவுஸும். கப்பல் நிறுவனம் ஃபார்வர்டருக்குக் கொடுப்பது மாஸ்டர் பில். ஃபார்வர்டர் நமக்குக் கொடுப்பது ஹவுஸ் பில். இரண்டும் ஒரே சரக்கைத்தான் சொல்கின்றன, ஆனால் இரண்டும் தரவில் தனித்தனி வரிசையாக வரலாம். மாஸ்டரில் ஃபார்வர்டர் பெயரும், ஹவுஸில் நம் பெயரும் இருப்பதால் இரண்டு ஏற்றுமதியாளர், இரண்டு சரக்கு என்று தோன்றும். கண்டுபிடிக்கும் வழி எளிது. ஒரே கப்பல், ஒரே வருகைத் தேதி, ஒரே கன்டெய்னர் எண் உள்ள வரிசைகளை ஒன்றாக அடுக்குங்கள். சிறிய எடைகளைக் கூட்டினால் பெரிய எடை ஒன்று வந்துவிட்டால், பெரியது மாஸ்டர். அதை அடித்துவிடுங்கள். கன்டெய்னர் எண்ணிக்கையிலும் இதே கதை: ஒரு கன்டெய்னரில் ஐந்து பேரின் சில்லறைச் சரக்கு போயிருந்தால், ஐந்து வரிசையிலும் அதே கன்டெய்னர் இருக்கும், கவனிக்காதவர் ஐந்து கன்டெய்னர் என்று எண்ணிவிடுவார். மாறாக, மாஸ்டர் மட்டுமே தெரிந்து ஹவுஸ் தெரியாத சரக்குகளும் உண்டு. எங்கள் 312 கார்ட்டன் அந்த வகை. அதனால்தான் எங்கள் பெயரே அதில் இல்லை.

இன்னொன்றில் எங்கள் நிறுவனப் பெயர் ஒரு எழுத்துப் பிழையோடு இருந்தது. நம் ஊரின் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு பி, இரண்டு பி என்று இரண்டு விதமாக எழுதுகிறோம். தூத்துக்குடிக்குப் பழைய பெயர் ஒன்று, புதிய பெயர் ஒன்று. முழுப்பெயரைப் போட்டுத் தேடாமல் பெயரின் முதல் ஐந்து எழுத்தைப் போடுங்கள், பிறகு முகவரியின் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். பெறுநர் இடத்தில் வங்கியின் பெயரோ "டு ஆர்டர்" என்ற சொல்லோ (பெறுபவர் பெயரைச் சொல்லாமல் விட்டது) இருந்தால், அறிவிக்கப்பட வேண்டியவர் என்ற பத்தியில் உண்மையான பையர் இருக்கக்கூடும்.

விலையைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பில் ஆஃப் லேடிங்கில் விலை கிடையாது. இன்வாய்ஸ் மதிப்பு அதில் வழக்கமாக எழுதப்படுவதில்லை. அப்படியிருக்க, திரையில் டாலரில் ஒரு தொகை எப்படி வருகிறது? எடையை எடுத்து, அந்த வகைப் பொருளுக்கு ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு சராசரியால் பெருக்கி, தளமே போட்டுக்கொள்கிறது. எங்கள் 312 கார்ட்டனுக்கு அங்கே 71,800 டாலர் என்று இருந்தது. எங்கள் இன்வாய்ஸில் பீஸுக்கு 2.35 டாலர்; மொத்தம் 52,790.40. தம்பி அந்தத் தொகையைப் பீஸால் வகுத்து, "இலங்கைக்காரர்களுக்கு 3.20 கொடுக்கிறார்களே" என்றும் வருந்தியிருந்தார். விலைப் பத்தியை மறைத்துவிட்டு வேலை செய்யப் பழகுங்கள்.

எடையை வைத்து நீங்களே எண்ணிக்கையைக் கணக்கிடலாம், அது ஓரளவு நம்பகமானது. 4,056 கிலோவை 312ஆல் வகுத்தால் கார்ட்டனுக்கு 13 கிலோ. காலிப் பெட்டி, பாலிதீன் பை, அட்டை, டேக் எல்லாம் சேர்த்து எங்கள் பேக்கிங்கில் ஏறக்குறைய 1.1 கிலோ. மீதி 11.9. பெரியவர்களுக்கான சாதாரண டி-ஷர்ட் எங்களிடம் 165 கிராம் வரும். வகுத்தால் 72, அதாவது ஆறு டஜன். 312 பெட்டிக்கு 22,464. கோப்பிலும் அதே எண்தான் இருந்தது. உங்கள் துணியின் எடை தெரிந்தால் போட்டியாளரின் பெட்டியையும் இப்படித் திறந்து பார்க்கலாம். ஒரே எச்சரிக்கை: எடை கிலோவா பவுண்டா என்று பாருங்கள். ஒரு டி-ஷர்ட் கார்ட்டன் 28, 29 என்று வந்தால் அது பெரும்பாலும் பவுண்டு.

எண்ணிக்கைப் பத்தியில் பிழை எங்கிருந்து வருகிறது என்பதற்கு நானே சாட்சி. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், பெட்டிகளின் எண்ணிக்கையை எழுத வேண்டிய கட்டத்தில் பீஸ் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஃபார்வர்டர் அப்படியே தட்டச்சு செய்தார். பிறகு திருத்தினோம், அபராதமும் கட்டினோம். திருத்தம் எல்லா நகல்களையும் போய்ச் சேர்ந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் இரவு ஒன்பது மணிக்குக் கட் ஆஃப் நேரத்துக்குள் முடிக்கப் பதறும் ஒரு ஆள் இருக்கிறார். பெட்டிகளையும், பெட்டிகளை அடுக்கும் பலகைகளான பேலட்டுகளையும் அவர்தான் எழுதுகிறார். "480 கார்ட்டன்" என்று வர வேண்டியது "20 பேலட்" என்று வருவதும் அவர் கையில்தான்.

எச்.எஸ். குறியீட்டை, அதாவது சுங்கம் பொருள்களை வகைப்படுத்தும் எண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் குழந்தைகள் ஆடை செய்பவர்கள் கவனியுங்கள். 61ஆம் அத்தியாயத்தில், உடல் உயரம் 86 சென்டிமீட்டருக்கு மேற்படாத குழந்தைகளுக்கான பின்னலாடை 6111இல் வரும். அதற்கு மேல் போனால் அதே டி-ஷர்ட் 6109. ஒரே ஆர்டர், ஒரே துணி, ஒரே அச்சு. 18 மாத அளவு ஒரு குறியீட்டில், இரண்டு வயது அளவு இன்னொன்றில். 6109ஐ மட்டும் தேடினால் பாதி ஆர்டர் கண்ணில் படாது. தவிர, சரக்குப் பட்டியலில் குறியீடு இல்லாதபோது விவரத்தில் உள்ள சொற்களைப் பார்த்துத் தளமே ஒரு குறியீட்டை ஒட்டிவிடும். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுவதும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி. 2017, 2022 என்று குறியீட்டுப் பட்டியல் திருத்தப்படும் ஆண்டுகளைத் தாண்டி ஒப்பிடும்போது, பழைய குறியீடு எங்கே போனது என்றும் பாருங்கள்.

வரிசைகளைப் பார்த்து வந்த சந்தேகத்தை அரசாங்கக் கணக்கில் சரிபார்க்காமல் விடாதீர்கள். நம் தொழிலுக்கு அமெரிக்க வணிகத் துறையின் ஜவுளி, ஆடை அலுவலகமான ஓடெக்ஸா வெளியிடும் மாதக் கணக்கு மிக நல்லது, இலவசம். ஆண், சிறுவர் பருத்திப் பின்னல் சட்டைக்கு 338, பெண், சிறுமியருக்கு 339 என்று வகை எண்கள் உண்டு. அங்கே நாடு என்றால் செய்த நாடு. சரக்கு கொழும்பு வழியாகப் போனாலும் இந்தியக் கணக்கில்தான் சேரும். அதில் நிறுவனப் பெயர் இருக்காது; சரக்குப் பட்டியலில் பெயர் இருக்கும், நாடு தவறும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று நாங்களும் வைத்துப் பார்த்தோம். அந்த மாதங்களில் இலங்கைக் கணக்கில் பாய்ச்சல் எதுவும் இல்லை.

அரசாங்கக் கணக்குகளுக்கும் தங்கள் வழக்கங்கள் உண்டு. நாம் ஏற்றுமதியை எஃப்.ஓ.பி. மதிப்பில், அதாவது கப்பல் கட்டணமும் காப்பீடும் சேராமல் சொல்கிறோம், பெரும்பாலான நாடுகள் இறக்குமதியைக் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்துச் சொல்கின்றன. அதனால் ஒரே சரக்குக்கு இரண்டு நாட்டுக் கணக்கும் பொருந்தாது. இங்கே கிளம்பிய மாதமும் அங்கே இறங்கிய மாதமும் வேறு. 2023 டிசம்பரில் கப்பல்கள் செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. நவம்பரில் அனுப்பியவர் ஜனவரியில் தேட வேண்டியிருந்தது. 2023-24இல் அமெரிக்கா, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அடுத்து நாம் அதிகம் ஏற்றுமதி செய்த நாடு நெதர்லாந்து. அவ்வளவையும் அந்தச் சிறிய நாடே பயன்படுத்துவதில்லை. ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கி ஐரோப்பாவின் உள்நாடுகளுக்குப் போவதும் அதில் சேர்ந்திருக்கிறது. கொழும்பு கதையேதான், மறுகரையில்.

முதல் அறிவிப்பைக் கல்லில் எழுத்தாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். 2024 நவம்பர் மாதத் தங்க இறக்குமதி 1,486 கோடி டாலர் என்று முதலில் வந்தது. நாடே அதிர்ந்தது. பிறகு அது 984 கோடி என்று திருத்தப்பட்டது. தரவு ஒரு கணினி அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது, கிடங்குக்குள் வந்தபோது ஒரு முறையும் வெளியே போனபோது ஒரு முறையும் ஒரே தங்கம் எண்ணப்பட்டதுதான் காரணம் என்று விளக்கம் தந்தார்கள். மாஸ்டரும் ஹவுஸும் எங்கள் மேஜையில் செய்ததைத்தான் அது தேசக் கணக்கில் செய்தது. ஒரு மாதக் கணக்கை வைத்து முடிவெடுக்காமல், அடுத்த இரண்டு மாதத் திருத்தம் வரும்வரை பொறுங்கள்.

இந்திய ஷிப்பிங் பில் விவரங்களை விலையோடு தருகிறோம் என்று சிலர் அழைப்பார்கள். வாங்காதீர்கள். 2022இல் சுங்கச் சட்டத்தில் 135ஏஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஏற்றுமதியாளரும் இறக்குமதியாளரும் சுங்கத்தில் தாக்கல் செய்யும் மதிப்பு, அளவு, வகைப்பாடு போன்றவற்றைச் சட்டம் அனுமதிக்காத வகையில் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், அந்த விலை பக்கத்துத் தெருக்காரர் இரவு முழுக்கக் கணக்குப் போட்டுப் பையரிடம் பேசி வாங்கிய விலை. உங்கள் விலை அவர் கைக்குப் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

சாயங்காலம் ஐந்தரை ஆகியிருந்தது. பையரின் கீழிருந்த மற்ற வரிசைகளையும் தம்பி ஒவ்வொன்றாகத் திறந்தார், சரக்கைப் பெற்ற இடம் என்ற பத்தியை மட்டும். பதினொன்றில் ஒன்பதில் தூத்துக்குடி. மீதி இரண்டில் கொழும்பு என்றே இருந்தது. அவை உண்மையிலேயே இலங்கைச் சரக்காக இருக்கலாம் என்று தனியே குறித்துவைத்தார். பிறகு அந்த மின்னஞ்சலைத் திறந்து விலையைப் பற்றிய வரிகளை நீக்கினார். அடுத்த சீசனுக்கான சாம்பிள்கள் எந்தத் தேதியில் கிளம்பும் என்பதை மட்டும் எழுதி அனுப்பினார்.